அன்றைக்குப் பம்பு ஓடியதா

எம்ப்ரெட் வீட்டைச் சூடாக்கும் பம்புக்கு ஒரு நோயும் இல்லை. பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுக் கம்பளிக் காலுறையோடு கூடத்துக்குள் வந்த ஹல்வோர், சுவரின் உச்சியில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டிக்கு நேரே உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்தான். காற்று வந்தது. சூடில்லாத வெறும் காற்று. வெளியே மைனஸ் இருபத்தாறு. மேசையில் நேற்றைய செய்தித்தாளுக்கும் பாலாடைக்கட்டித் தட்டுக்கும் நடுவில் கிடந்த ரிமோட்டை எடுத்துப் பார்த்தான். சூரியன் படம் இருக்க வேண்டிய இடத்தில் பனிப்பூ படம் இருந்தது. ஒரு பட்டனை இரண்டு தடவை அமுக்கினான். பெட்டி ஒரு கணம் அடங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கியது. ஐந்தாவது நிமிடத்தில் கூடத்துக்கு வெதுவெதுப்பு வந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் எம்ப்ரெட். எழுபத்தெட்டு வயது. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர்.

"இவ்வளவுதான்."

"ஒரு பட்டனை அமுக்க நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தியா தம்பி? இதைப் போன்லயே சொல்லியிருந்தா நானே அமுக்கியிருப்பேனே."

"வந்து பாத்தாத்தான் தெரியும்."

"உங்க ஆபீஸ் பொண்ணும் இதையேதான் சொல்லுச்சு. எங்க ஹல்வோர் போன்ல வைத்தியம் பாக்க மாட்டார்னு. முன்னாடியெல்லாம் பாப்பியே."

முன்னாடியெல்லாம் பார்ப்பான். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் அதற்குத்தான் அவனுக்குப் பெயர். போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள் என்பான். கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். டக்டக்கென்று ஏதோ தட்டினால் வெளிப் பெட்டியின் அடியில் தண்ணீர் வடியாமல் உறைந்து, விசிறி பனிக்கட்டியில் இடிக்கிறது. வெந்நீர் ஊற்றி உருக்குங்கள், கம்பியால் குத்தாதீர்கள். மூச்சு வாங்குகிற மாதிரி இழுத்து இழுத்து ஓடினால் பில்டரில் தூசி; கழற்றிக் கழுவுங்கள். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டு அமைதியாகிவிட்டால் நோயே இல்லை. வெளிப் பெட்டி தன்மேல் படிந்த பனியைத் தானே உருக்கிக்கொள்கிறது, பத்து நிமிஷம் பொறுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு அத்தோடு காரியம் முடிந்துவிடும். அவன் வண்டியை எடுக்கவே வேண்டாம். முதலாளி கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோர் முன்னாலும் அவன் காதுக்காக ஒரு கோப்பையைத் தூக்கிக் குடித்ததுண்டு. போன பிப்ரவரியோடு அதை நிறுத்திவிட்டான்.

எம்ப்ரெட் காப்பி ஊற்றிக் கொடுத்தார். ஹல்வோர் நின்றபடியே குடித்தான். குடித்து முடித்துக் கோப்பையை வைக்கும்போது கேட்டான்.

"உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு? காய்ச்சல், நடுக்கம் எதுவும் இல்லையே?"

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பம்புக்கு வைத்தியம் பாக்க வந்தியா, எனக்கா?"

"சும்மா கேட்டேன்."

"குத்துக்கல்லாட்டம் இருக்கேன். போ."

வண்டியில் ஏறி உட்கார்ந்து கையுறையைக் கழற்றும்போதே பெந்தே கூப்பிட்டாள். அலுவலகத்தில் அழைப்புகளை வாங்கி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பவள். வழக்கமாக முகவரியைச் சொல்லி, தவறாமல் ஒரு கிண்டலும் அடித்துவிட்டு வைத்துவிடுவாள். இன்றைக்கு இழுத்தாள்.

"ஹல்வோர், ஒரு வீடு வந்திருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க வீடு."

அவன் கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"உங்க வீட்டம்மா சிக்ரூன்தான் கூப்பிட்டிருந்தாங்க. காலையில பம்பு நின்னுபோச்சாம், விளக்கு மினுக்குதாம். யாரையாவது அனுப்புங்கன்னாங்க. நான் உங்க பேரைச் சொன்னதும், அவர் வேண்டாம், வேற யாராயிருந்தாலும் சரின்னாங்க. மத்த ரெண்டு பேருக்கும் வியாழக்கிழமை வரைக்கும் வேலை இருக்கு. இந்தக் குளிர்ல வியாழக்கிழமை வரைக்கும் எப்படி... உங்ககிட்ட சொல்லியிருக்கவே கூடாதோ என்னவோ."

"நான் போறேன்," என்றான்.

ஆற்றை ஒட்டியே பாதை. குளொம்மா உறைந்து, அதன்மேல் பனி விழுந்து, எது ஆறு எது வயல் என்று தெரியாமல் கிடந்தது. பகல் பன்னிரண்டரைக்கே வெயில் மலைமுகட்டில் போய் உட்கார்ந்திருந்தது. தன் பம்பு நின்றுபோகும் என்று அவனுக்கு இலையுதிர் காலத்திலேயே தெரியும். கூடத்தில் காற்று நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது. ஓடும் சத்தத்தில் அந்த இழுப்பு வந்துவிட்டது. ஊரார் வீட்டுப் பெட்டிகளை எல்லாம் கழுவித் துடைத்துவிட்டு வருகிறவன் தன் வீட்டில் அந்த இழுப்பைக் கேட்டுக்கொண்டே ரொட்டி தின்றான். தொடக் கூடாது என்று சிக்ரூன் சொல்லியிருந்தாள். மகள் தீரிலைப் புதைத்த மூன்றாவது வாரம், ஏதாவது ஒரு வேலை செய்தால் தேவலை என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியின் மூடியில் கை வைத்தான். அவள் சமையலறையிலிருந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அதைத் தொடாதே. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்," என்றாள். துக்கத்தில் இருப்பவள் சொல்கிறாள் என்று இறங்கிவிட்டான். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதை அப்போதே விட்டிருந்தார்கள்.

தீரில் அவர்களுக்கு ஒரே பெண். பதினேழு வயது. பிப்ரவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் படுத்திருந்தாள். பால் ஆலையில் வேலை முடிந்து சிக்ரூன் நாலரை மணிக்கு வந்தபோது, பெண் சோபாவில் இரண்டு கம்பளிக்கு அடியில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். கால்களில் ஊதா ஊதாவாகப் புள்ளிகள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆம்புலன்ஸ், அப்புறம் ஹெலிகாப்டர், த்ரோண்ட்ஹெய்ம் பெரிய ஆஸ்பத்திரி. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று சிக்ரூன் டாக்டரிடம் கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் நல்ல மனுஷர். சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

வீட்டு வாசலில் பனி வாரியிருந்தது. அவளே வாரியிருக்கிறாள். ஹல்வோர் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவை வாழ்க்கையில் முதல்முறையாகத் தட்டினான்.

சிக்ரூன் கனத்த கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து திறந்தாள். அவனைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"பெந்தே சொல்லிட்டாளா."

"வேற ஆள் இல்ல. வியாழக்கிழமை ஆயிடும்."

கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு வழிவிட்டாள். "சரி. வேலைக்கு வந்திருக்கீங்க. வேலையைப் பாருங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து அவனுக்கு அப்படியொரு மரியாதை வந்ததில்லை. அது அவன் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது சுலபமாகவும் இருந்தது. கூடத்தில் பதினொரு டிகிரி. விறகடுப்பு சமையலறையை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் கேட்பதை இங்கேயும் கேட்டான்.

"எப்ப நின்னது?"

"காலையில ஏழு மணி இருக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"பத்து நிமிஷம் ஓடும். நின்னுடும். அப்புறம் தானா ஓடும். ஒரு மாசமா அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான். வீட்டின் பின்பக்கம் முழங்கால் அளவு பனியில் இறங்கி, வெளிப் பெட்டியைச் சுற்றிலும் வாரினான். விசிறியைக் கையால் சுழற்றினான், தடையில்லாமல் சுற்றியது. அடித்துளையில் பனிக்கட்டி அடைக்கவில்லை. குழாய்களின் உறை கிழியவில்லை. கையுறையைக் கழற்றி மானியை மாட்டி வாயுவின் அழுத்தத்தைப் பார்த்தான். விரல் நுனிகள் இரும்பில் ஒட்டிக்கொண்டன. முள் நிற்க வேண்டிய இடத்திலேயே நின்றது. கசிவு இல்லை. பழுது இல்லை. உள்ளே பில்டர் அடைத்துக்கொண்டு, பெட்டி தன் சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல் நின்றுபோகிறது. அவ்வளவுதான். எந்த வீட்டிலும் கால் மணி நேர வேலை. போனிலேயே சொல்லிவிடலாம்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் நின்று அவன் செய்வதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்தபோதும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

உள்ளே வந்து ஏணியை விரித்தான். முதல் படியில் கால் வைத்தபோது அவள் பேசினாள்.

"திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. வாயு இருக்கா?"

"இருக்கு."

"எங்கயாவது கசியுதா? பழைய கசிவு. ரொம்ப நாளா இருந்த மாதிரி."

"ஏன் கேக்கற?"

"கேள்விக்குப் பதில் சொல்லுங்க." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "இந்தப் பம்பு போன வருஷம் பிப்ரவரியில ஓடிச்சா? அந்த வெள்ளிக்கிழமை. ஓடிச்சா, இல்லையா?"

ஹல்வோர் ஏணியைப் பிடித்துக்கொண்டான். பதினோரு மாதமாக அவன் ஒருவனே வைத்திருந்ததாக நினைத்த ஒன்றை அவள் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"அவதான் சொன்னா. ஆம்புலன்ஸ்ல. நான் அவ கையைப் பிடிச்சிட்டிருந்தேன். 'அப்பா சொன்னாரும்மா, பத்து நிமிஷத்துல சரியாயிடும்னு. இன்னும் ஆகலையா'ன்னு கேட்டா." சிக்ரூன் தொப்பியை இரண்டாக மடித்தாள், மறுபடி விரித்தாள். "அன்னிலேர்ந்து நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு உக்காரும்போது, இன்னிக்குச் சொல்லுவான்னு பாத்தேன். நீ உப்பை எடு, தண்ணியை எடுன்னுதான் சொன்ன."

அவன் ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்தான். நின்று சொல்ல முடியாது என்று தோன்றியது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஒன்னே முக்காலுக்குக் கூப்பிட்டா. 'அப்பா, வீடு பயங்கரமா குளிருது, பம்பு வேலை செய்யல போலிருக்கு'ன்னா. நான் மலைமேல ஒரு கேபின்ல ஏணியில நின்னுட்டிருந்தேன். ரிமோட்ல சூரியன் தெரியுதான்னு கேட்டேன். தெரியுதுன்னா. எத்தனை டிகிரியில வச்சிருக்கேன்னு கேட்டேன். விளக்கு மினுக்குதான்னு கேட்டேன். ஜன்னல்கிட்ட போய் வெளிப் பெட்டியில பனி மூடியிருக்கான்னு பாருன்னேன். போனா. அவ நடக்கறது கேட்டுது. திரும்பி வர ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் போனைப் பெட்டிகிட்டத் தூக்கிப் பிடின்னேன். பிடிச்சா. சத்தம் நல்லாத்தான் இருந்தது சிக்ரூன். ஒரு குறையும் இல்ல. நல்ல சத்தத்தைக் கேட்டுட்டுத்தான், பனி உருகிட்டிருக்கும், பத்து நிமிஷம் பொறு, கம்பளியைப் போத்திக்கோன்னேன். சரிப்பான்னு வச்சுட்டா."

கொஞ்சம் மூச்சு வாங்கினான்.

"பம்பைப் பத்தி நாலு கேள்வி கேட்டேன். அவளைப் பத்தி ஒண்ணுகூடக் கேக்கல."

சிக்ரூன் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். அடுப்பில் ஒரு விறகு சரிந்து விழும் சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. வாசலில் கொடுத்த மரியாதை எல்லாம் இதற்குள் போய்விட்டிருந்தது.

"தெரியாத ஆளா ஒருத்தன் வரட்டும்னுதான் வேற ஆள் கேட்டேன். இதையெல்லாம் பாத்துட்டு, 'இது போன வருஷமே போயிருக்கும்மா, நீங்கதான் கவனிக்கல'ன்னு ஒரு வார்த்தை அவன் சொல்லிட்டான்னா போதும். அப்ப வீடு நெஜமாவே குளுந்திருக்கும். அவ குளிருதுன்னு சொன்னது வீட்டைத்தான், காய்ச்சலை இல்ல. நீ சொன்னதும் சரிதான். யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. அதுக்காகத்தான் யாரையும் தொட விடாம வச்சிருந்தேன். கழுவித் தொடச்சுட்டா அப்புறம் யாருக்கு என்ன தெரியும்? ஆனா கூப்பிடவும் பயம். வேற மாதிரி சொல்லிட்டான்னா. இன்னிக்குத் தானா நின்னுபோச்சு. சரி, கேட்டுடலாம்னு நினைச்சேன்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அப்படி அவள் அவனை நேராகப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கண்ணில் கோபம் இல்லை. ஒரு பண்டத்துக்காகக் காத்திருக்கிற குழந்தையின் முகம் அது. அவனுக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை போதும். பழைய கசிவு, அழுத்தம் பாதிதான் இருக்கிறது, ஒரு வருடமாகவே இருந்திருக்கும். மானியைப் படிக்க அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையில் அவள் இத்தனை மாதமாகத் தனியே படுக்கும் தீரிலின் அறையிலிருந்து திரும்பி வந்துவிடுவாள். ராத்திரிச் சாப்பாட்டில் ஏதாவது பேசுவாள். நாக்கின் நுனிவரைக்கும் அது வந்துவிட்டது.

"ஓடிச்சு," என்றான்.

அவள் தொப்பியை மடியில் வைத்தாள்.

"அந்த சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தோமே. நீ கார்லயே உக்காந்துட்டிருந்த, இறங்க மாட்டேன்னு. நான் முன்னாடி உள்ள வந்தேன். பூட்ஸைக்கூடக் கழட்டல. நேரா இதுக்குக் கீழ வந்து சூடு பாக்கற கருவியைப் பிடிச்சேன். நானும் அதைத்தான் வேண்டிக்கிட்டேன், கெட்டுப்போயிருக்கணும்னு. காத்து நாப்பத்திநாலு டிகிரி. கூடம் இருபத்திரண்டு. வெளிய போய்ப் பாத்தேன். பனி இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு நாளும் இவ்வளவு நல்லா ஓடினதில்ல."

அவள் சொன்னாள். "பொய் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"நான் நம்பியிருப்பேன்."

"தெரியும். அதான் சொல்ல முடியல."

அவள் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, கல்லறையிலும் இல்லை. ஆலையில் ஒருமுறை பால் பீப்பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுததாக அவளோடு வேலை செய்கிறவள் அவனிடம் சொல்லியிருந்தாள். இப்போது கோட்டின் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், ஏதோ கூடம் சூடாகிவிட்ட மாதிரி. மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள்.

"மூணு மணி நேரம்," என்றாள்.

"ஆமா."

"நாலரைக்கு நான் வந்தேன். நீ அப்பவே என்னைக் கூப்பிட்டிருந்தா, ஆலையிலேர்ந்து எட்டு நிமிஷம்."

"ஆமா."

"எல்லாத்துக்கும் ஆமாங்காத."

ஒரு வருடமாக அவன் மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த பேச்சு எதுவும் இந்த அறைக்குப் பொருந்தவில்லை. மன்னித்துவிடு என்ற சொல் அதில் எத்தனையோ இடத்தில் வந்தது. அதை இப்போது எடுத்தால், அவளிடம் இன்னொன்றைக் கேட்டு வாங்குவது போலாகிவிடும்.

வெளியே வெளிச்சம் நீலமாகத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நகர்த்துவது கேட்டது. சிக்ரூன் எழுந்து ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். முதுகைக் காட்டியபடியே, "திற," என்றாள். "இனிமே எதுக்கு வச்சிருக்கணும்?"

ஹல்வோர் ஏணியில் ஏறி மூடியைத் தூக்கினான். உள்ளே பில்டரின் வலைச்சட்டம் இரண்டு, இடதும் வலதும், சாம்பல் நிறத்தில் கம்பளி நெய்த மாதிரி தூசி மூடிக் கிடந்தன. இடது பக்கத்தை மெதுவாக உருவினான். வெளிச்சத்தில் திருப்பியபோது கை நின்றுவிட்டது. தூசிக்குள் இழை இழையாக முடி. நீளமான, வைக்கோல் நிறத்து முடி. அவன் தலை வழுக்கை. சிக்ரூனின் முடி கறுப்பும் நரையும், கழுத்தளவுதான்.

தீரில் நீச்சல் முடிந்து வந்தால் சோபாவின் முதுகில் ஏறி நின்று, பெட்டிக்கு நேரே தலையைக் கவிழ்த்து விரலால் உதறி உதறித்தான் முடியைக் காய வைப்பாள். முடி எல்லாம் பில்டரில் போகிறது, உனக்கென்று ஒரு கருவி வாங்கித் தந்தேனே என்று அவன் கத்துவான். அது சத்தம் போடுதுப்பா, இது அழகா ஊதுது என்பாள்.

"என்ன?" என்று திரும்பினாள் சிக்ரூன். பிறகு அவளும் பார்த்துவிட்டாள்.

இதற்காக அவள் அதை மூடி வைக்கவில்லை. இது இங்கே இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தபோது அவனுக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையை நீட்டினாள். அவன் குனிந்து சட்டத்தைக் கொடுத்தான். தூசி உதிர்ந்துவிடாமல், நிறைந்த தட்டைத் தூக்கிப் போகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குளியலறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை.

அவன் வலது பக்கச் சட்டத்தையும் உருவி எடுத்துக்கொண்டு இறங்கினான். குழாய் திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அடுத்த வீடாக இருக்கும். அது தானாக ஓய்ந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்து, காலுறைக் காலோடு குளியலறை வாசலுக்குப் போய் நின்றான். சிக்ரூன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சட்டம் மடியில் இருந்தது. நகத்தால் தூசியை விலக்கி ஒரு முடியைக் கண்டுபிடித்து, அறுந்துவிடாமல் முழு நீளத்துக்கும் மெல்ல இழுத்து எடுத்தாள். வெள்ளைப் பீங்கான் கழுவுதொட்டியின் ஓரத்தில் ஏற்கனவே ஆறேழு முடிகளை அருகருகே நேராகக் கிடத்தியிருந்தாள். அவன் வந்தது அவளுக்குத் தெரியும். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. புதிதாக எடுத்ததை மற்றவற்றுக்குப் பக்கத்தில் வைத்தபோது அவள் மூச்சுக் காற்றில் அத்தனையும் லேசாக அசைந்தன. அவை பறந்துவிடாதபடி உள்ளங்கையைக் கவிழ்த்து மேலே மறைத்துக்கொண்டு, அவள் மூச்சைப் பிடித்தாள்.